மூன்றடிக்கு ஓரடி

ஓர் அறைக்கு எத்தனை டைல்ஸ் வேண்டும் என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அளவைச் சொல்ல மாட்டார்கள். "நடுத்தர அறைதான் இஷாம், ஒரு கட்டில் போடலாம்" என்பார்கள். கட்டிலை வைத்துக்கொண்டா கணக்குப் பார்ப்பது? நீளத்தை அகலத்தால் பெருக்கு. வந்ததை ஒரு டைல்ஸின் பரப்பால் வகு. வெட்டுவதற்கும் உடைவதற்கும் நூற்றுக்குப் பத்துக் கூட்டு. கடையில் பெட்டிக் கணக்கில்தான் தருவார்கள், ஆகவே முழுப் பெட்டிக்கு உயர்த்து. இவ்வளவுதான். இதைப் படிக்க யாரும் கட்டார் நாட்டுக்குப் போக வேண்டியதில்லை.

நான் போனேன். அங்கே எத்தனையோ ஹோட்டல்களின் தரை என் முழங்கால் தேய்ந்த தரை. நூல் பிடித்தால் பிடித்ததுதான், ஒரு மயிரிழை விலகாது. சுவர் கோணல், அதனால் டைல்ஸும் கோணல் என்று சாட்டுச் சொல்லும் மேசன் பாஸ்மாரிடம், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். இதனால் எனக்குக் கூட்டாளிமார் குறைவு.

போன வருடம் ஊரோடு வந்துவிட்டேன். ஊர் காத்தான்குடி, வாவிக்கரை ஊர். வீடு என் மனைவி றுமானாவின் வீடு. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான்; ஆண் உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுகிறவன். ஆகவே அந்த வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் நான் இரண்டு பேரைக் கேட்க வேண்டும். ஒன்று றுமானா. மற்றது அவளுடைய வாப்பா, என் மாமா முகைதீன்பாவா.

மாமா துணி வியாபாரம் செய்தவர். சாறனை விரலால் தடவியே எந்த நெசவுகாரர் நெய்தது என்று சொல்லிவிடுவார் என்று ஊரில் பெயர். மாமி மௌத்தான பிறகு கடையை விட்டுவிட்டு, தனியாக வாவியைப் பார்த்த பின்னறையில் இருந்தார். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் என்னைக் குத்துவதற்கே பேசுகிறார் என்று எனக்கொரு நினைப்பு. நான் ஹோலுக்குள் நுழைந்தால் தலையைத் தூக்கி "ஆரு?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தால் மருமகன் அந்நியனாகிவிடுவானா? "நான்தான் மாமா, இஷாம்" என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொல்வேன். "ஓ, மருமகனா" என்பார், இப்போதுதான் விமானத்தால் இறங்கியவனைப் பார்ப்பது போல.

ஊருக்கு வந்ததும் வீடு முழுவதற்கும் டைல்ஸ் போட ஆரம்பித்தேன். அதற்கொரு காரணம் இருந்தது. றுமானாவின் பெரியும்மா மகன், அவளுக்கு அண்ணன் முறையான றவூப் காக்கா, மெயின் ரோட்டோரமாக இரண்டு மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். "முதல்ல உன்ட வேலையக் காட்டு. புடிச்சா வீடு முழுக்க நீதான்" என்று சொல்லியிருந்தார். அவர் வாயால் நல்லது என்று ஒரு சொல் வந்தால் ஊரில் எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஹோல் முடிந்தது, எங்கள் அறை முடிந்தது, குசினி முடிந்தது. மிச்சம் இருந்தது மாமாவின் அறை மட்டும்தான்.

அந்த அறை பன்னிரண்டுக்குப் பத்து. நூற்றிருபது சதுர அடி. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் ஒன்று நாலு சதுர அடி என்றால் முப்பது. ஆனால் இரண்டுக்கு இரண்டு என்று நாம் வாயால் சொல்வது பெட்டியில் அறுபது சென்ரிமீற்றர். இரண்டடிக்கு ஒரு சென்ரிமீற்றர் குறைவு. பன்னிரண்டடிக்கு ஆறு டைல்ஸ் வைத்தால் சுவரோரம் மூன்று விரல் வெறுமையாக நிற்கும். அரைகுறைப் பாஸ்மார் மாட்டிக்கொள்வது இங்கேதான். அந்த ஓரத்துக்கு இரண்டைக் கீறிப் பட்டி எடுக்க வேண்டும். முப்பத்திரண்டு. உடைவுக்கு இரண்டு. முப்பத்தினாலு. பெட்டிக்கு நாலு என்பதால் ஒன்பது பெட்டி, முப்பத்தாறு டைல்ஸ். நல்ல சாம்பல் நிறமாகப் பார்த்து எடுத்து வந்தேன்.

அந்த அறையின் தரை பழைய சிவப்புச் சீமெந்து. அதில் வாசலிலிருந்து யன்னல் பக்கமாகச் சரிவாக ஒரு வெடிப்பு ஓடியது. பார்த்தாலே என் கை அரிக்கும். சுவரோடும் சேராமல் மூலைக்கும் போகாமல், தன்பாட்டில் ஒரு பாதை போட்டுக்கொண்டு போகிற வெடிப்பு.

"இந்த அறைக்கு ஒண்டும் வேணா மருமகன்" என்றார் மாமா.

"வீடெல்லாம் டைல்ஸ் மாமா. இது மட்டும் வெடிச்ச சீமெந்தாக் கிடந்தா வாறவங்க என்ன சொல்லுவாங்க?"

"என்ட அறைக்குள்ள ஆரு வாறாங்க? வெடிப்பு வெடிப்பாக் கிடக்கட்டும்."

நான் விடவில்லை. வழுக்காத டைல்ஸ் என்றேன். துடைக்க லேசு என்றேன். முழங்காலுக்குக் குளிர்மை என்று ஒரு பொய்யும் சொன்னேன், ஏனென்றால் முழங்கால் வலி என்று சொல்லித்தான் மாமா சில மாதங்களாகப் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே தொழுதார். ஆனால் அதே முழங்காலோடு அவர் கட்டிலில் இருந்து விசுக்கென்று எழுந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதையும் மனதில் குறித்து வைத்திருந்தேன். நான் அப்படித்தான், எல்லாவற்றையும் குறித்து வைப்பேன், விளங்கிக்கொள்வதுதான் பிந்தும்.

"வாப்பா ஒண்டச் சொன்னாச் சொன்னதுதான். விடுங்க" என்றாள் றுமானா.

விட்டால் நான் இஷாம் இல்லை. ஒன்பது பெட்டியையும் கொண்டுபோய் மாமாவின் அறை நடுவில், வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் வரிசையாக அடுக்கினேன். நாளும் பொழுதும் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் மாறட்டும் என்று நினைத்தேன். அன்று பின்வளவில் ஹோல் சுவரடிக்கு ஓரப்பட்டி வெட்ட வேண்டியிருந்தது. தூசு உள்ளே போகாமல் அவருடைய யன்னலையும் இறுக்கிச் சாத்தினேன்.

அஸர் தொழுகை நேரம். அளவுநாடாவை அந்த அறையில் விட்டுவிட்டேன் என்று எடுக்கப் போனேன். மாமா கை கால் கழுவி வுழு எடுத்துவிட்டுச் சுவரைத் தொட்டபடி வந்துகொண்டிருந்தார். நான் வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்றேன். என்னைத் தாண்டித்தான் போனார். "ஆரு?" என்று கேட்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலின் பெருவிரலால் தரையைத் தடவினார். இடப்பக்கம் ஒரு தடவல், வலப்பக்கம் ஒரு தடவல். கால் பெட்டியில் முட்டியது. குனிந்து கையால் தொட்டுப் பார்த்தார். மறுபக்கம் சுற்றிப் போய் அங்கேயும் பெருவிரலால் தேடினார். அங்கேயும் பெட்டி. யன்னல் பக்கம் முகத்தைத் தூக்கிக் காற்றுக்காகவோ வெளிச்சத்துக்காகவோ கொஞ்ச நேரம் நின்றார். யன்னலை நான்தானே சாத்தினேன். பிறகு இரண்டு தரம் மெதுவாகத் திரும்பினார். ஒரு பக்கம் முடிவு செய்துகொண்டு, கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினார்.

முகம் வைத்துத் தொழ வேண்டிய கிப்லா யன்னல் பக்கம். மாமா அலுமாரியைப் பார்த்துக்கொண்டு தொழுதார்.

தொழுகிறவரைத் தொட்டுத் திருப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றேன். ஓதும் குரல் எப்போதும் போலவே அமைதியாக இருந்தது. நான் சத்தமாகச் சொன்ன ஒவ்வொரு "நான்தான் மாமா, இஷாம்" என்பதும் எனக்கு ஞாபகம் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

தொழுது முடித்து அவர் வெளியே போய் இருந்த பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஹோலுக்குக் கொண்டுவந்தேன். யன்னலைத் திறந்தேன். பிறகு கைபேசியை அந்த வெடிப்பின் மேல் வைத்துக் கிப்லா பார்த்தேன். இடத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். வெடிப்பு போகிற திசைதான் கிப்லா. வாவியைப் பார்த்து நின்று கொஞ்சம் வலப்பக்கம் சரிந்தால் வருகிற அந்தத் திசைக்கு, யாரும் கீறிக் கொடுக்காமல், சீமெந்து தன்பாட்டில் வெடித்திருந்தது. மாமா அதைக் காலால் படித்து வைத்திருந்தார்.

றுமானாவைக் குசினிக்குள் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"கண் மங்கல் எண்டு தெரியும். இவ்வளவுக்கெண்டு தெரியா" என்றாள். "கண் கிளினிக்குக்குப் போற எண்டுதான் ஒவ்வொரு தரமும் ஆட்டோவில வெளிக்கிடுற. கடைத்தெருவில இருந்திட்டு வந்திருப்பார் போல."

"ஏன் புள்ள இத மறைக்கிறார்?"

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். "பெரியப்பாக்கும் கடைசியில கண் போனதானே. தொழுற நேரம் ஆராவது வந்து தோளப் புடிச்சித் திருப்பி விடுவாங்க. சின்னப் புள்ளயளும் விளையாட்டாத் திருப்பும். வாப்பா அதப் பாத்துப்போட்டு வந்து சொன்ன, கதிரை மேசையத் திருப்புற மாதிரித் திருப்புறாங்க, அந்த நிலை எனக்கு வரப்படா எண்டு."

அந்த வெடிப்பு இருக்கும் வரைக்கும் யாரும் அவரைத் திருப்பத் தேவையில்லை. ஆனால் ஒன்றும் செய்யாமல் விட்டாலும் அது நிலைக்கிற வெடிப்பில்லை. ஓரங்கள் உதிர்ந்து, சில இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளமாகிவிட்டது. இன்னும் இரண்டு மாரி போனால் அது கோடாக இருக்காது, குழியாகத்தான் இருக்கும். அதில் கால் இடறி விழுந்தால் என்ன செய்வது?

"டைல்ஸிலயும் கோடு இரிக்கிதானே" என்றேன்.

"நேராப் போட்டாக் கோடு சுவரோடதான் போகும்."

"நேரா ஆரு போடச் சொன்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். பத்து வருடம் நேராகப் போடுவதைப் பற்றி மட்டும் பேசிக் கழுத்தறுத்தவன் நான்.

வெடிப்போடு ஒரு நூலைக் கட்டி அளந்தேன். நீளச் சுவரோடு மூன்றடி போனால் நூல் ஓரடி விலகியது. மறுபடி மூன்றடி, மறுபடி ஓரடி. மூன்றடிக்கு ஓரடி. என் தொழிலில் இப்படி ஒரு சரிவில் யாரும் டைல்ஸ் போடுவதில்லை. மூலைக்கு மூலை வைரக்கல் மாதிரிப் போடுவார்கள், அது அழகு. இது அழகும் இல்லை, நேரும் இல்லை. பார்க்கிறவன் கைதவறிப் போட்டது என்றுதான் சொல்வான்.

றுமானா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறவள். "பரப்பளவு மாறாதே. அறையத் திருப்பல்லயே, டைல்ஸத்தானே திருப்புறம். அதே நூத்தி இருவது" என்றாள்.

"பரப்பளவு மாறாது புள்ள. துண்டு மாறும்."

அவள் ஒரு சதுரக்கோட்டுத் தாளை எடுத்தாள். இன்னொரு தாளில் அறையின் அளவுக்கு நீள்சதுரமாக ஓட்டை வெட்டி, அதை மேலே வைத்துச் சரித்தாள். ஓட்டைக்குள் முழுசாகத் தெரிந்த கட்டங்களை எண்ணினோம். பதினேழு. ஓரத்தில் வெட்டுப்பட்டுத் தெரிந்தவை இருபத்தெட்டு. நேராகப் போட்டால் முப்பது முழு டைல்ஸ் தன்பாட்டில் உட்காரும். சரித்துப் போட்டால் பதினேழுதான் உட்காரும், மற்றதெல்லாம் முக்கோணமும் மூலை போனதுமாக வெட்ட வேண்டும்.

இரவுச் சாப்பாடு வரைக்கும் அந்த இருபத்தெட்டுத் துண்டோடு மல்லுக்கட்டினோம். சவர்க்காரப் பெட்டி அட்டையில் துண்டுகளை வெட்டி, எந்த இரண்டு ஒரே டைல்ஸிலிருந்து வரும் என்று மேசையில் பொருத்திப் பார்த்தோம். அவள் ஒன்றைச் சேர்ப்பாள், நான் "இது வெட்டக்குள்ள முனை உடையும்" என்று பிரிப்பேன். நான் ஒன்றைச் சேர்ப்பேன், "கண்ணால பாக்காதீங்க, அளந்து வைங்க" என்று அவள் பிரிப்பாள். கல்யாணம் கட்டிய காலத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் இப்படி ஒரு மேசையில் இவ்வளவு நேரம் சந்தோஷமாகச் சண்டை பிடித்ததில்லை. அதில் பாதிக் காலம் நான் நாட்டில் இல்லை என்பது வேறு விஷயம்.

எப்படிப் பார்த்தாலும் இருபத்தெட்டுத் துண்டுக்கும் இருபத்திரண்டு டைல்ஸ் தேவைப்பட்டது. பதினேழும் இருபத்திரண்டும் முப்பத்தொன்பது. கையில் முப்பத்தாறு. கடைக்குப் போன் எடுத்துக் கேட்டேன், அந்தச் சாம்பல் முடிந்துவிட்டது, புதிதாக வந்தது ஒரு சாயல் மஞ்சள்.

"மூணு குறையுது, காணாது. ஒண்டு உடைஞ்சா நாலு" என்றேன்.

"வாப்பாட அலுமாரி எவ்வளவு?" என்றாள் றுமானா.

அஞ்சடிக்கு இரண்டடி. பத்துச் சதுர அடி. இரண்டரை டைல்ஸ், வெட்டுத் துண்டுக் கணக்கில் மூன்று. மாமியின் சீதன அலுமாரி, அதை இந்த வீட்டில் யாரும் அசைக்கப் போவதில்லை. அதன் கீழே ஹோலில் மிஞ்சிய தவிட்டு நிற டைல்ஸைப் போடலாம்.

"அப்ப முப்பத்தாறு காணும். உடைச்சா?" என்றாள்.

"உடைக்கிறல்ல."

அடுத்த நாள் காலை பிளேன்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். இந்தத் தடவை அவர் "ஆரு?" என்று கேட்பதற்கு முன்னமே, மெல்லமாக, "இஷாம்தான் மாமா" என்றேன்.

"கட்டாரில இப்ப ஒரு புதுப் பாஷன் மாமா. டைல்ஸச் சுவரோட போடுறல்ல. சரிச்சுப் போடுற. உங்கட அறைக்கு அப்பிடிப் போட்டா நல்லா இரிக்கும் போலக் கிடக்கு."

அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம் சரிச்சு?"

"அந்த வெடிப்புப் போற பக்கம்."

ஒரு மிடறு குடித்தார். பிறகு கேட்டார்: "கோடு வெடிப்பிட இடத்திலயேதான் வருமா?"

"அச்சொட்டா அதே இடத்தில வரும் மாமா. அந்த ஒரு கோட்ட மட்டும் கொஞ்சம் அகலமா, ஆழமா விடலாம் எண்டு இரிக்கன். பாஷனுக்குத்தான்."

"அப்ப போடுங்க" என்றார். பிளேன்டியைக் குடித்து முடித்துக் கோப்பையை என் கையில் தந்தார். கோப்பையை விட்ட கை என் மணிக்கட்டில் ஒரு கணம் இருந்தது.

வேலை தொடங்கினேன். வெடிப்பை நிரப்புவதற்கு முன் அதன் இரண்டு முனையையும் சுவரில் அடையாளம் வைத்தேன். எல்லா அறைக்கும் சுவரிலிருந்து வேலை தொடங்குவேன். இந்த அறைக்கு அந்தக் கோட்டிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு முக்கோணத்தையும் அட்டையில் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் டைல்ஸில் கிறைண்டரை வைத்தேன். ஒன்றைக்கூட உடைக்கவில்லை. அந்தக் கோட்டில் மட்டும் இரட்டை இடைவெளி விட்டு, இடுக்கை நிரப்பும்போது விரலால் அழுத்திப் பள்ளமாக விட்டேன். முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு காலால் தேடிப் பார்த்தேன், முதல் தடவலிலேயே அகப்பட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன். எந்தச் சுவரோடும் சேராமல் அறை முழுவதும் டைல்ஸ் விலகிக் கிடந்தது. என் கையால் நான் செய்த வேலைகளில் இதைவிட அவலட்சணமானது இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து றவூப் காக்கா வந்தார். கூடவே அவருடைய கூட்டாளிமார் இரண்டு பேர். மாமா ஹோலில் சாய்கதிரையில் இருந்தார். றவூப் காக்கா ஹோலைப் பார்த்தார், தலையை ஆட்டினார். குசினியைப் பார்த்தார், குனிந்து கண்ணை வைத்து நீட்டுக்குக் கோட்டைப் பார்த்தார். "நூல் புடிச்ச மாதிரி இரிக்கி" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

மாமாவின் அறைக் கதவை மூடியே வைத்திருந்தேன். அதை றவூப் காக்காவே திறந்தார்.

"என்னடா இது?"

வாசலில் நின்றபடி வரிசைகளை விரலால் சுட்டினார்.

"சுவர் ஒரு பக்கம் போகுது, டைல்ஸ் ஒரு பக்கம் போகுது. குடிச்சி வெறிச்சிட்டா போட்ட?" கூட்டாளிமார் சிரித்தார்கள். "கேட்டா என்ன சொல்லுவாய், அறை கோணல் எண்டா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். நீ ஊரில உள்ள பாஸ்மாருக்கெல்லாம் சொல்லித் திரியிற கதைதானே அது."

என் சொல்லே எனக்குத் திரும்பி வந்தது. பாஷன் என்று சொல்லியிருக்கலாம், அதையும் அவர் சிரித்துத் தள்ளியிருப்பார். உண்மையைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் என் மானம் திரும்பிவிடும், மாமாவின் மறைப்பு அம்பலத்துக்கு வந்துவிடும். றுமானா குசினி வாசலில் நின்று வாயெடுக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன்.

"கை தவறிட்டு காக்கா" என்றேன்.

"ஒரு அறைக்கே கை தவறினா, என்ட ரெண்டு மாடியில என்னென்ன தவறுமோ."

அப்போது சாய்கதிரை கிறீச்சிட்டது. மாமா எழுந்தார். சுவரைத் தொட்டபடி வந்தார். வாசலில் நின்ற றவூப் காக்காவின் தோளில் கை முட்டியதும் அவரை மெல்ல விலக்கிவிட்டு உள்ளே போனார். செருப்பைக் கழற்றினார். பெருவிரலால் ஒரு தடவல். கோடு அகப்பட்டது. அதன்படியே மூன்று எட்டு நடந்து போய் நின்று, திரும்பாமல் பேசினார்.

"றவூப், செருப்பக் கழட்டிப்போட்டு இஞ்ச வா. உன்ட போனை எடுத்துக் கிப்லாவப் பாரு."

றவூப் காக்கா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். பிறகு போய் மாமாவுக்குப் பக்கத்தில் நின்று கைபேசியை நீட்டிப் பிடித்தார்.

"நான் எந்தப் பக்கம் நிக்கன்?"

"கிப்லாக்குத்தான் சாச்சா. சரியா நிக்கீங்க."

"எனக்குக் கண் தெரியா றவூப்" என்றார் மாமா. "இடக்கண் முழுக்கப் போயிட்டு. வலக்கண்ணில வெளிச்சம் மட்டும்தான். ஒருத்தருக்கும் சொல்லல்ல நான். இந்த மனிசன் அதக் கண்டுபுடிச்சிட்டு அவரும் ஒருத்தருக்கும் சொல்லல்ல. இப்ப நீ சிரிக்கக்குள்ளயும் சொல்லல்ல." காலை எடுத்து அந்தக் கோட்டின் மேல் மறுபடி வைத்தார். "டைல்ஸ் நேராத்தான் கிடக்கு. இஞ்ச கூடம்தான் கோணல்."

யாரும் சிரிக்கவில்லை. கூட்டாளிமார் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் நின்றார்கள். றவூப் காக்கா குனிந்து அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். போகும்போது, "நாளைக்கு வந்து மேல்மாடிய அள" என்றார்.

அவர்கள் போன பிறகு நான் அறைக்குள் போனேன். மாமா அதே இடத்தில் நின்றார்.

"ஏன் மாமா சொன்னீங்க? நான் சமாளிச்சிருப்பன்."

"என்னத்தச் சமாளிச்ச. கை தவறிட்டு எண்டு சொன்னத்தயா?" என்றார். "உங்கட கை தவறாது மருமகன். அது எனக்குத் தெரியும்."

குனிந்து வாசலில் கிடந்த அவருடைய செருப்பை ஓரமாக வைத்தேன்.

"அலுமாரிக்குக் கீழ வேற நிறமாமே."

"ஆரு சொன்ன?"

"நீங்க ரெண்டு பேரும்தான். அண்டைக்கு இரவு பதினேழு, இருபத்தெட்டு எண்டு சண்டை புடிச்சதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தன். கண்தான் போச்சு, காது இரிக்கி." கொஞ்சம் நிறுத்தி, "அடுத்த கிளினிக்குக்கு நீங்களே கூட்டிப் போங்க. மிச்சம் இரிக்கிற வெளிச்சத்தயாவது வச்சிக்கொள்ளுவம்" என்றார்.

பள்ளியில் அஸர் பாங்கு சொன்னது. நான் வுழு எடுத்துக்கொண்டு வந்தேன். மாமா தன் கோட்டில் கால் வைத்து நின்றார், யாரும் திருப்பாமல். வலப்பக்கத்தைக் கையால் காட்டினார்.

"பக்கத்தில நில்லுங்க. ரெண்டடி தள்ளி அடுத்த கோடு இரிக்கும். உங்கட கணக்குப்படி ஒரு சென்ரிமீற்றர் குறைய."

தேடினேன். இருந்தது. அதில் கால் வைத்து மாமாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.